காலண்டர் ஆணியும் ‘பிசிக்’ என்ற சொல்லும்

வெயில் ஏறுவதற்குள் வரிசையில் நின்றுவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நின்றேன். பெரம்பலூர் மைதானத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக ஒரு மரப்பலகையின் மேல் ஏறி, முதுகைக் காட்டி நின்று, இறங்கினார்கள். சிலரை இந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். சிலரை அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்றால் வெளியே போகும் வாசல்.

என் முறை வந்தது. செருப்பைக் கழற்றினேன். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். குதிகாலும் பின்னந்தலையும் பலகையில் படும்படி நின்றேன். மேலிருந்து ஒரு கட்டை சறுக்கிக்கொண்டு வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தது. அளந்தவர் நரைத்த மீசை வைத்த ஏட்டய்யா ஒருவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒரு நூல் பத்தலம்மா. அந்தப் பக்கம் போ."

என்னிடம் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. பத்தலையாம். என் உயரத்தைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் அதுவரை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கூடிப்போச்சு.

ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தானே என்று விட முடியாது. அந்த நூலுக்கு அந்தப் பக்கம் தா.பழூரில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். அடுத்து வரும் வெள்ளிக்கிழமை பாக்கு வெற்றிலை மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. போலீஸ் தேர்வில் தேறினால் கல்யாணப் பேச்சை நிறுத்துவது, தேறாவிட்டால் வாயைத் திறக்காமல் கழுத்தை நீட்டுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நாங்கள்தான் அவருக்கு ஒரு பொய்யைக் காட்டியிருந்தோம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வளர்மதி வளர்ந்த கதை

கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் சிலர் கோயில் பார்க்க வந்தவர்கள். மற்றவர்கள் எங்களைப் போல அங்கிருந்து உள்ளே நடந்து போகிறவர்கள். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அம்மாவுக்குக் காட்டு வேலை. பருத்தி எடுப்பாள், கடலை பிடுங்குவாள், அறுப்புக் காலத்தில் தா.பழூர்ப் பக்கம் போய் நெல்கட்டுத் தூக்கிவிட்டு வருவாள்.

அப்பா கட்டையான ஆள். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. "கள்ளன நம்புனாலும் குள்ளன நம்பாதன்னு சொல்லி வெச்சிருக்கான். ஒங்கம்மா என்னய நம்பி வந்தா பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எதையும் சிரிப்பாக்காமல் அவரால் இருக்க முடியாது.

அம்மா அந்தச் சிரிப்பில் சேர மாட்டாள். கீழே எதையோ தவறவிட்டுத் தேடுகிறவள் போலக் கழுத்தைத் தாழ்த்தி, தோளை ஒடுக்கித்தான் எப்போதும் நடப்பாள். சுமை தூக்கித் தூக்கி அப்படி ஆகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கேட்டதில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது வளர ஆரம்பித்தேன். பாவாடைக்குக் கீழே வேறு நிறத்தில் துணி ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டும் பத்தாமல் இன்னொரு ஒட்டு. "வளர்மதின்னு பேரு வெச்சீங்க, அதுவும் வஞ்சன இல்லாம வளருது" என்று எதிர்வீட்டு அத்தை சொன்னபோது தெருவே சிரித்தது. எங்கள் சொந்தத்தில் பையன்கள் எல்லாரும் அப்பா அளவுதான். அவர்கள் பக்கத்தில் நான் நின்றால் என்னைப் பார்க்காமல் என் தலையைப் பார்ப்பார்கள்.

"இதுக்கு மாப்ளய எங்க போயி தேடுறது" என்று அம்மா புலம்பினாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுதான். குனிஞ்சு நட. தெருவில் போனாலும், தண்ணிக்குப் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் குனிஞ்சு நட. போட்டோ எடுக்க வந்தால் ஓடிப்போய் முன்வரிசையில் உட்காரு.

எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்காது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எங்கும் ஓட்டமும் நடையும்தான். குனிந்துகொண்டே வேகமாக நடப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்பது நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அரியலூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எஸ்தர் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். விளையாட்டு டீச்சர். ஏலாக்குறிச்சிக்காரர். கழுத்தில் சிலுவையும் விசிலும் ஒரே கயிற்றில் தொங்கும். ஒரு நாள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து என் முதுகின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"என்னடி இது, இந்த வயசுல கூன் போடுற? நல்ல பிசிக்டி ஒனக்கு. போலீசுக்குப் போ. வீணாக்காத."

‘பிசிக்’ என்பது குறையா நிறையா என்று தெரியாமல் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் முதுகு கிழிந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று இருந்தது. அதில் தேடிப் பிடித்தேன். உடற்கட்டு, உடல் அமைப்பு என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். கூடுதல் என்றும் சொல்லவில்லை, குறைவு என்றும் சொல்லவில்லை. என் உடம்பைப் பற்றி யாரோ முதல் தடவையாகக் குற்றம் சொல்லாமல் பேசியது போல இருந்தது. எனக்கு அந்தச் சொல்லை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தச் சொல் போன இடங்கள்

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். பிடித்துக்கொண்டது கலியமூர்த்தி மாமா. அம்மாவின் தம்பி, மாட்டுத் தரகர். அடுத்த சந்தையிலேயே அவர் ஒரு காளையின் முதுகைத் தட்டி, "பல்ல அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல பிசிக்க பாருங்க" என்று சொன்னதாக அப்பா வந்து சொல்லிச் சிரித்தார். காளை விற்றுப்போனதா என்பது நினைவில்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அது என் காதில் விழுந்தது. முன்பும் விழுந்திருக்கும், நான் கவனித்திருக்க மாட்டேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் உடற்பயிற்சிக்கூடம் திறந்தார்கள். சட்டை போடாத ஒருவர் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சிமெண்ட் ஆலைகளுக்குக் காவலாளி பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "பிசிக் உள்ள பசங்க இருந்தா சொல்லுங்கப்பா" என்பார். படிப்பு உள்ள பசங்களை அவர் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் புரிந்தது. ஆம்பிளைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் பேச்சு அங்கே முடிந்துவிடும். நல்ல பிசிக், அவ்வளவுதான். பொம்பளைக்குச் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு ‘ஆனா’ வரும். "பொண்ணுக்கு நல்ல பிசிக்தாங்க, ஆனா..." இந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் வாக்கியத்தை யாரும் முடித்ததில்லை. நானே முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆங்கிலச் சொற்களை எங்கள் ஊர் எப்போதும் தன் இஷ்டத்துக்குத்தான் வைத்துக்கொள்ளும். ஒருவர் மீசையும் தோளுமாக இருந்தால் அவர் ‘பெர்சனாலிட்டி’. குணம் எப்படி இருந்தாலும் சரி. லாரிக்கு மேலே கட்டுவது ‘பாடி’. ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றிக் கொடுப்பதும் ‘பாடி’. அப்பா பட்டறைக்குப் போகும்போது "பாடி கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனால், வீட்டுக்கு வந்த வெளியூர் விருந்தாளிகள் திடுக்கிட்டுப் போவார்கள்.

ஆனால் ஒன்று எனக்கு இன்றைக்கும் கோபத்தைக் கிளப்பும். அம்மாவைப் பற்றி யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மழையில் நனைந்த நெல்கட்டை ஆம்பிளைகளே இரண்டு பேராகத் தூக்குவார்கள். அம்மா ஒருத்தியாகத் தூக்கி வரப்பில் கால் பிசகாமல் நடந்து களத்தில் போடுவாள். அவளுக்குப் பிசிக் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒடம்பு. அந்த ஒடம்பைப் பற்றியும் அது முடியாமல் படுத்த அன்றைக்குத்தான் பேச்சு வரும். ஒடம்பு சரியில்ல, இன்னைக்கு வேலைக்கு வரல என்று.

முட்டியை மடக்கும் பயிற்சி

பன்னிரண்டாவது முடித்து, இரண்டு வருடம் தையல் கற்றுக்கொண்டு, போலீஸ் வேலைக்கு மனுப் போட்டேன். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்திருந்த சமயம். மாவட்டம் எது என்று எழுதுகிற இடத்தில் அடித்து அடித்து எழுதினேன். எங்கள் மாவட்டமும் என்னைப் போலத்தான், ஓரிடத்தில் நிற்காது. எழுத்துத் தேர்வில் தேறினேன். அடுத்தது உடற்கூறு அளத்தல் என்று அழைப்பு வந்தது. ஓட்டமும் தாண்டலும் எனக்குத் தூசு. உயரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. நெட்டச்சி என்று பெயர் எடுத்தவளுக்கு அதில் என்ன பயம்?

அந்தச் சமயம் பார்த்து மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை தா.பழூரில் உரக்கடையில் வேலை. குடி கிடையாது, நல்ல பையன். அவரை வளர்த்தது அவருடைய அத்தை. வீட்டில் அந்த அம்மா வைத்ததுதான் சட்டம்.

"பையன் கொஞ்சம் கட்ட" என்று மாமா இழுத்தார். "அந்தம்மா வாயத் தொறந்து ஒசரம் கேக்க மாட்டாங்க. கண்ணாலயே அளந்துருவாங்க."

எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜோடியாக நிற்கச் சொல்வது மரியாதை இல்லை. அதனால் மாப்பிள்ளையை முதலில் சுவரோரமாக நிற்க விடுவார்கள். அவர் தலை சுவரில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பொம்பளைகள் பார்த்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பெண் வந்து அதே இடத்தில் நிற்பாள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் காலண்டர் மாட்டிய ஆணி இருந்தது. மாமா மாடு பார்த்துப் பழகிய கண்ணால் கணக்குப் போட்டு, மாப்பிள்ளையின் உச்சந்தலை சரியாக அந்த ஆணிக்கு வரும் என்று சொல்லிவிட்டார்.

நான் போய் நின்றேன். என் தலை ஆணியைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிற்று.

அம்மா ஆணியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பிறகு, "பொடவ கட்டிட்டு வா" என்றாள்.

புடவை கட்டிக்கொண்டு வந்தேன்.

"இப்ப நில்லு. முட்டிய லேசா மடக்கு. இன்னுங் கொஞ்சம். கழுத்த எறக்கு. பொடவைக்குள்ள ஆருக்குத் தெரியப்போவுது?"

அந்த வாரம் முழுக்க அதுதான் பயிற்சி. தட்டில் டம்ளரை வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கியபடி அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடக்க வேண்டும். தண்ணீர் அலம்பக்கூடாது. தொடை நடுங்கும். நிமிர்ந்தால் அம்மா, "ஆணி, ஆணி" என்பாள். பிறகு எனக்கே பழகிவிட்டது. ஆணியைப் பார்த்ததும் முட்டி தானாக மடங்கும்.

ஒரு நாள் பொறுக்காமல் மாமாவிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்பறமும் இப்படியே நிக்கவா மாமா?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த பண்ணுன்னு சொல்றாங்க. நாம ஒன்னுதான சொல்றோம்" என்றார். "தாலி ஏறிருச்சுன்னா அப்பறம் ஆரும்மா அளக்கப்போறா?"

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை காலண்டரில் நாள் பார்ப்பது போலச் சுவரோரம் நின்றார். அத்தையின் கண் ஒரு தடவை ஆணிக்குப் போய்த் திரும்பியது. பிறகு நான் தட்டோடு வந்து அதே இடத்தில் நின்றேன். அந்தக் கண் மறுபடியும் ஆணிக்குப் போனது. "தோதாத்தான் இருக்கு" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னதைக் கேட்டு மாமா மீசையைத் தடவினார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "தையல் தெரியுமாமே?" என்று கேட்டார். முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டார். நான் மடங்கி நின்றதால்தான் அவரால் அப்படிப் பார்க்க முடிந்தது. நல்ல மனிதரின் கண்கள். எனக்கு அவமானமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து அழுதேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். நான் அழுததை அவள் பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம்தான், "போலீசுல அளக்குறதுக்குப் போயிட்டு வந்துரு. அதுல எடுத்துட்டாங்கன்னா இத நிறுத்திக்கலாம். எடுக்கலன்னா இதுதான்" என்றாள்.

படுத்துக் கிடந்த பெண்கள்

மைதானத்தில் வரிசை தொடங்கும் முன் நான் பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். வேப்பமர நிழலில் பெண்கள் துண்டை விரித்து வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். தூங்கவில்லை. அசையாமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"படுத்தே இருந்தா முதுகெலும்பு நீளும்க்கா" என்றாள் ஒருத்தி, தலையைத் திருப்பாமல். "நடந்தா ஒக்காந்தா ஒசரம் எறங்கிரும். எங்கண்ணன் என்னைய மினி வேன்ல படுக்கப் போட்டே கூட்டியாந்தாரு."

நானும் படுத்துப் பார்த்தேன். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன். நெட்டச்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு திமிர் வேறு. பிறகுதான் பலகையில் ஏறினேன், அந்த ஒரு நூலைக் கேட்டேன்.

அந்தப் பக்கம் போகச் சொன்னதும் என் கால்கள் நகரவில்லை. பின்னால் நின்றவள், "அப்பீல் கேளுங்கக்கா. மத்தியானம் பெரிய ஆபீசர் வந்து திருப்பி அளப்பாங்க" என்று காதில் சொன்னாள். கேட்டேன். ஏட்டய்யா, "அதுக்குள்ள வளந்துருவியா?" என்று சிரித்துவிட்டு, அப்பீல் வரிசையில் உட்காரச் சொன்னார்.

அந்தக் காத்திருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது. உட்கார்ந்தால் உயரம் இறங்கிவிடுமோ என்று எழுந்தேன். நின்றால் இறங்கிவிடுமோ என்று படுத்தேன். படுத்தால் தா.பழூர் உரக்கடை கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வீட்டுச் சுவரில் எந்த இடத்தில் ஆணி இருக்கும் என்று யோசித்தேன். ஒரு ஆயுள் முழுக்க முட்டியை மடக்கிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கும் ஒரு பொம்பளையை நினைத்தேன். எழுந்து வேலியை நோக்கி ஓடினேன்.

வேலிக்கு வெளியே அம்மா

அம்மா கம்பி வேலிக்கு வெளியே ஒயர்கூடையோடு நின்றிருந்தாள். கூடையில் புளிச்சோறும் தண்ணீர் பாட்டிலும்.

"பத்தலையாம்மா" என்றேன். "ஒரு நூல் பத்தலையாம்."

அவளுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கலாம். கல்யாணம் நிற்காது அல்லவா. ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீயா பத்தல? எப்படி நின்ன, நின்னு காட்டு."

பலகையில் நின்றது போலவே நின்று காட்டினேன். அம்மா மேலிருந்து கீழே பார்த்தாள். சுடிதாருக்குள் என் முழங்கால்களைப் பார்த்தாள்.

"முட்டிய நிமித்து."

"நிமித்தித்தாம்மா இருக்கேன்."

"இல்லடி. மடங்கி இருக்கு. கழுத்தும் எறங்கி இருக்கு."

குனிந்து பார்த்தேன். மடங்கித்தான் இருந்தது. நிமிர்த்தினேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அது பாட்டுக்கு மடங்கியது. ஒரு பலகைக்கு முன்னால், அளக்கிற கண்ணுக்கு முன்னால் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று என் உடம்புக்கு அந்த ஒரு வாரத்திலும் அதற்கு முந்தைய வருடங்களிலும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அது சொன்னபடி கேட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் கண்ணிலும் அந்தப் பயம் தெரிந்தது.

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கிச் சும்மாடு கட்டினாள். தன் தலையில் வைத்தாள். அதன் மேல் ஒயர்கூடையைத் தூக்கி வைத்தாள். கையை எடுத்தாள்.

"தலையில பாரம் இருந்தா குனிய முடியாது. குனிஞ்சா விழுந்துரும். இங்க பாரு."

பார்த்தேன். அவளைப் பார்க்க நான் கண்ணைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது.

எத்தனையோ தடவை அவளைச் சுமையோடு பார்த்திருக்கிறேன். வரப்பில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் வருவேன். தலையில் சுமை இருக்கும்போது யார் உயரத்தைப் பார்க்கிறார்கள்? சுமையைத்தான் பார்ப்போம். சுமையை இறக்கியதும் அவள் மறுபடி தாழ்ந்துவிடுவாள். இவ்வளவு பக்கத்தில், எதிரே, நிமிர்ந்த அம்மாவை நான் பார்த்தது அன்றுதான். அவள் என்னை விட உயரம்.

"நீ ஏம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கம்மா சொன்னாங்க, குனிஞ்சேன்" என்றாள். "நானும் ஒனக்குச் சொன்னேன். அத வுடு இப்ப. இந்தா, புடி."

கம்பிக்கு இடையில் சும்மாட்டையும் கூடையையும் கொடுத்தாள். தலையில் வைத்துக்கொண்டேன். "நட" என்றாள். வேலியோரமாக நான் உள்ளே நடந்தேன், அம்மா வெளியே கூடவே நடந்தாள். முட்டி மடங்கினால் கூடை ஆடியது. நிமிர்ந்தால் நின்றது. படுத்துக் கிடந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நடந்தேன்.

பெரிய ஆபீசர் வந்தார். கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பலகையில் ஏறினேன். கூடை தலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். கட்டை சறுக்கி வந்து உட்கார்ந்தது. காலையில் பத்தாத நூலைத் தாண்டி நின்றது. ஆபீசர் தலையை ஆட்டிவிட்டு இந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

ஏட்டய்யா ஒரு தடவை கட்டையைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். "காலைல இத எங்க வெச்சிருந்தம்மா?" என்றார்.

இப்போது நானே சில தேர்வுகளில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கழுத்தை இறக்கி நிற்கும் பெண்கள் இன்னும் வருகிறார்கள். "தலையில தண்ணிக்கொடம் இருக்குன்னு நெனச்சிக்கம்மா" என்று சொல்வேன். நிறையப் பேருக்குத் தண்ணிக்குடம் தூக்கிப் பழக்கமில்லை. இருந்தாலும் நிமிர்ந்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை

ஓட்டமும் தாண்டலும் அந்த வாரத்திலேயே முடிந்தன. தேறினேன். மாமாவுக்கு ஒரே தவிப்பு. தா.பழூருக்கு ஆள் அனுப்பி, ஜாதகத்தில் ஏதோ தோஷம் தெரிந்தது என்று சொல்லி நிறுத்திவிடலாம் என்றார்.

"ஒரு பொய் போதும்" என்றாள் அம்மா. "வரட்டும். நானே சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அத்தை இன்னொரு அம்மாளோடு வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அவர்களை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு எதிரே போய், காலண்டர் மாட்டிய சுவரோரம் நின்றாள்.

"அண்ணி, தட்ட வெக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். எம்பொண்ணு அன்னைக்கு முட்டிய மடக்கி நின்னா. நாந்தான் அப்படி நிக்கச் சொன்னேன். மாப்ள தம்பிய விட அவ ஒசரம்."

அத்தை கையிலிருந்த தட்டை மடியில் இறக்கினார். "எம்மாம் ஒசரம்?" என்று கேட்டார்.

"என்னய விட கொஞ்சம் கொறச்ச" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். தோள் விரிந்தது. கழுத்து மேலே வந்தது. காலண்டர் ஆணி அவள் நெற்றிக்கு நேரே இருந்தது.

அந்த அத்தை ஆணியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கூட வந்த அம்மாளைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லிருந்தா ஒரு நடை மிச்சமாயிருக்கும்" என்று எழுந்துகொண்டார். சண்டை போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர்கள் போகும் வழியில்தான் அப்பா உள்ளே வந்துகொண்டிருந்தார். லாரியை விட்டு இறங்கி நேரே வந்தவர், தலையெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. நிலைப்படியில் நின்றுவிட்டார். அம்மா இன்னும் சுவரோரம் அப்படியே நின்றிருந்தாள்.

"என்னாடி இது" என்றார் அப்பா. "நீ எப்ப இவ்ளோ வளந்த?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

அப்பா வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று நானும் மாமாவும் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. புழுதிக் காலோடு கூடத்தைக் கடந்து அம்மா பக்கத்தில் வந்தார். அவர் பக்கத்தில் வர வர, அம்மாவின் கழுத்து தானாக இறங்கத் தொடங்கியது.

"இரு" என்றார் அப்பா. "குனியாத. அப்படியே நில்லு, ஒரு தடவ பாத்துக்கிறேன்."